ஓய்வுநாளுக்காக அணைத்த போர்டுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், குருணில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை பெரியதல்ல. கோழிக் கொட்டகைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். நாலாபுறமும் மூடிய கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் கோழிகள் இருக்கும். வெயில் ஏறினால் காற்றாடிகளை ஓடவைப்பதும், தண்ணீர் திறந்துவிடுவதும், சூடு மிஞ்சினால் மணி அடிப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு. அது நின்றால் காற்றாடி நிற்கும். காற்றாடி நின்றால் கெடா வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும்.

புதிய போர்டு வந்தால் அதை முப்பது நாள் ஓடவிட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு ரேக்கில் பதினாறு போர்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். நின்றுவிட்டால் எழுதிவைக்க வேண்டும். முப்பது கட்டம் போட்ட ஒரு தாள் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு கட்டத்தில் டிக் போடுவேன். நான் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். அந்தத் தாளும் பேனாவும் கொடுத்து என்னை நம்பி ஒரு அறையில் உட்கார வைத்தது ஆண்டவர் செய்த நன்மை என்று இன்றும் சொல்வேன். அந்த நன்மையை நான் எப்படி நடத்தினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

கெடாவில் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் தொழிற்சாலையோ பினாங்குக் கணக்கில் ஞாயிறு மூடும். அதனால் பீடோங்கில் எங்கள் சபைக்கு ஞாயிறு காலையில் நானும் மனைவியும் மட்டும் போவோம். இரண்டு மகள்களும் வகுப்பில் இருப்பார்கள். இது எனக்குப் பல வருடமாக உறுத்தல். பரிசுத்த நாளை என் பிள்ளைகளால் அனுசரிக்க முடியவில்லையே என்று ஜெபத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். வேலைக்காரனுக்கும் உழுகிற மாட்டுக்கும்கூட அந்த நாளில் ஓய்வு உண்டு என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். என் கையில் மாடு இல்லை. பதினாறு போர்டுகள் இருந்தன.

எனவே சனிக்கிழமை மத்தியானம், அரைநாள் வேலை முடிந்ததும், ரேக்கை அணைத்துவிட்டுப் போவேன். திங்கள் காலை ஏழு மணிக்கு வந்து மறுபடி போடுவேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கு டிக் போட்டதும் இல்லை. ஓடிய நாட்களை மட்டும் கூட்டி முப்பது ஆக்குவேன். சோதனை முடிய ஐந்து வாரம் ஆகும்; அவ்வளவுதான் வித்தியாசம் என்று எண்ணினேன்.

இது தெரிந்தவர் ஒருவர் மட்டும்தான். பேக்கிங் பகுதியில் ஒரு அக்கா. சனிக்கிழமை அட்டைப்பெட்டி எடுக்க வருவார்.

“என்னாண்ணே, ஒங்க மெஷினுங்க நாளைக்கு சர்ச்சுக்குப் போவுதா?”

“ஓய்வெடுக்கட்டும்க்கா.”

“என்னையும் ஒருநாள் இப்படி ஆஃப் பண்ணிட்டுப் போங்க லா. புண்ணியமா போவும்.”

சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போர்டுக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவர் எங்கள் இஞ்சினியர். முப்பது வயதிருக்கும். லூனாஸ் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுத் தினமும் அவ்வளவு தூரம் காரோட்டி வருவார். என்னை அண்ணே என்பார், நான் தங்கச்சி என்பேன். என் அறைக்கும் அவர் மேசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். மத்தியானம் அவர் கொண்டுவரும் தயிர்சாதத்தில் பாதியை என் டிபன் மூடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மேனேஜர் எங்கள் இருவரையும் வேனில் ஏற்றி பீடோங்குக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணைக்கு அனுப்பினார். செம்பனைத் தோப்புக்குப் பின்னால் இரண்டு கொட்டகைகள். ஒன்றில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மற்றதற்குள் சத்தமே இல்லை. மத்தியானம் பெட்டி நின்றுபோயிருக்கிறது. காற்றாடியும் இல்லை, தண்ணீரும் இல்லை, மணியும் அடிக்கவில்லை. பண்ணைக்காரர் டவுனுக்குத் தீவனம் எடுக்கப் போயிருந்தார்.

கோழிகள் எல்லாம் ஒரே பக்கமாக, காற்று வரும் சுவரை நோக்கிக் குவிந்து கிடந்தன. பண்ணைக்காரரின் மனைவி துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிரவில்லை.

பண்ணைக்காரர் தங்கையைப் பார்த்துத்தான் பேசினார்.

“விக்க வரும்போது என்னாம்மா சொன்னீங்க? பொட்டி மயங்கி விழுந்தா உள்ள ஒரு நாய் இருக்கு, அது கடிச்சி எழுப்பிடும்னு சொன்னீங்களா இல்லியா?”

“சொன்னோம் அண்ணே.”

“எங்க அந்த நாயி? தூங்கிருச்சா? என் வூட்டு நாயி சோறு போடாட்டியும் கொரைக்கும்.”

தங்கை பெட்டியைக் கழற்றினார். திரும்பி வரும் வழியெல்லாம் வேனின் சன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். வாடை போகவில்லை.

அந்த நாய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். போர்டில் வாட்ச்டாக் என்று ஒரு சின்னக் கடிகாரம் தனியாக இருக்கிறது. புரோகிராம் சில நொடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொடுத்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால், ஏதோ ஆகிவிட்டது என்று அது போர்டை அணைத்து மறுபடி எழுப்பும். அந்தக் கடிகாரத்தை நடத்தும் பகுதியைத் தங்கைதான் எழுதினார். பெட்டி நின்றதுகூடப் பெரிதல்ல. எந்தப் பெட்டியும் ஒருநாள் நிற்கும். நின்றதை இது ஏன் எழுப்பவில்லை என்பதுதான் கேள்வி. கழற்றி எடுத்த பெட்டியில் பதில் இல்லை. மின்சாரத்தைத் துண்டித்ததும் அதன் ஞாபகம் எல்லாம் அழிந்துவிட்டது.

புதன்கிழமை தங்கை பதினாறு போர்டுகளையும் புதிதாக ஓடவிட்டார். அவற்றுக்குப் பொய்யாகச் சூடு காட்டி, மணி அடிக்க வைத்து, எல்லா விதத்திலும் சோதித்தார். ஒன்றும் நிற்கவில்லை. மேனேஜர் ஒரு நாளைக்கு நான்கு தடவை வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். அந்தப் பண்ணைக்குக் குஞ்சு கொடுக்கும் கோழிக் கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. விளக்கம் கிடைக்காவிட்டால் யாராவது ஒருவர் பெயரை எழுதியாக வேண்டும். அது தங்கையின் பெயர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய வேலைதான் அந்த ரேக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் ரேக்கை அணைத்துவிட்டுப் போனேன். பழக்கம். அணைக்கும்போது யோசிக்கவே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

திங்கள் காலை எட்டரைக்குத் தங்கை வந்து திரையைப் பார்த்தார்.

“அண்ணே, இது அஞ்சு நாளா ஓடிருக்கணும். ஒன்றரை மணி நேரம்னு காட்டுது. நேத்து கரண்டு போச்சா?”

மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. மூத்தவளுக்கு அந்த வருடம் பெரிய பரீட்சை. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது என்று சொல்வது பொய். பயம் மட்டும்தான் இருந்தது. வாய் தானாகப் பேசியது.

“சனிக்கெழம சாயங்காலம் பெரிய மழையில்ல தங்கச்சி. போயிருக்கும். காலையில நான்தான் மறுபடி போட்டேன்.”

மழை பெய்தது நிஜம். அதனால் பொய் இன்னும் நன்றாகப் பொருந்தியது.

அன்றைக்குப் பத்து மணிவாக்கில் தங்கை என்னைக் கண்ணாடியில் தட்டிக் கூப்பிட்டார். யாரிடமாவது சொல்லிப் பார்த்தால் தெளியும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

“அண்ணே, ஸ்டோர் சாவி ஒண்ணுதான இருக்கு? ஒங்ககிட்டதான?”

“ஆமா.”

“நீங்க அந்தச் சாவிய எடுத்துட்டு ஸ்டோருக்குள்ள போறீங்க. போறதுக்கு முந்தி வாசல்ல இருக்கிற நாயக் கட்டிப்போட்டுடுறீங்க. வேல முடிஞ்சதும் அவுத்துவிடலாம்னு. சரியா?”

“சரி.”

“பாதி வேலையில ஒருத்தன் ஓடியாந்து ஒங்க ரெண்டு கையையும் புடிச்சிக்கிறான். அவசரக்காரன், அவன் வேல முடியாம ஒங்கள விடமாட்டான். அவனுக்கு என்னா வேணும்? ஸ்டோர் சாவி. சாவி எங்க இருக்கு?”

“என் கையிலதான்.”

“குடுங்களேன்.”

“கையத்தான் புடிச்சிருக்கானே.”

“அதான். அவன் சாவி கிடைக்காம விடமாட்டான். நீங்க அவன் விடாம சாவியக் குடுக்க முடியாது. அப்படியே நிக்க வேண்டியதுதான், சாவற வரைக்கும். வந்து கடிச்சி எழுப்ப வேண்டிய நாயி?”

“கட்டியில்ல கெடக்கு.”

திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். போர்டு எடுத்து வைக்கும் குறிப்புகள் நிரம்பியதும் அவற்றைப் பத்திரமாக எழுதி வைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டுமாம். அதற்காக வாட்ச்டாக்கை ஒரு கணம் நிறுத்தி, அதன் நேரத்தை நீட்டி, மறுபடி ஓடவிடுவார்களாம். அந்த ஒரு கணத்தில், சாவி கையில் இருக்கும்போது, சூட்டு மணி அவசரமாக உள்ளே புகுந்தால் இப்படி ஆகலாம். அந்த மணிக்கும் அதே சாவிதான்.

“அப்ப இதுதானா தங்கச்சி?”

“இல்லண்ணே.” விரலை எடுத்துக்கொண்டார். “குறிப்பு நிரம்ப, போர்டு நிக்காம ஒம்பது நாளு ஓடணும். அணைச்சா குறிப்பும் போயிடும், முதல்லேருந்து நிரம்பணும். நீங்க முப்பது நாளு ஓட்டிருக்கீங்க. பதினாறு போர்டும் மூணு தடவ இந்த எடத்தத் தாண்டி வந்திருக்கு. ஒண்ணுகூட நிக்கல. ஒங்க தாளு சுத்தமா இருக்கு. வேற எடத்துல தேடுறேன்.”

என் தாள் அவர் மேசையில், திரைக்குக் கீழே இருந்தது. முப்பது டிக்குகள். ஒவ்வொன்றையும் நான் நேராகப் போட்டிருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் அவர் வேறு இடத்தில் தேடினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். ஒருமுறை அவர் தாயுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல். மறுமுறை மேனேஜர் வந்துவிட்டார். இவை காரணங்கள் அல்ல. நான் பிடித்துக்கொண்ட கைப்பிடிகள். புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன். “ஆண்டவரே” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. என் மனைவிதான் பக்கத்திலிருந்து ஜெபத்தை முடித்துவைத்தார்.

வியாழக்கிழமை தேநீர் நேரத்தில் பேக்கிங் அக்கா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை.

“ஒங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டுட்டா. தெரியுமா?”

“எதுல?”

“பொஸ் குடுத்த காயிதத்துல. நான் சரியா டெஸ்ட் பண்ணாம அனுப்பிட்டேன், தப்பு என்னுதுன்னு. சும்மா ஃபோர்மலிட்டின்னு சொன்னாராம். அழுதுட்டே போட்டா.”

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலண்ணே. சொல்லவும் மாட்டேன். ஒங்க வாயி ஒங்ககிட்டதான் இருக்கு.” கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

“மழை மேலயா பழியப் போட்டீங்க?”

“ஆமா.”

“வேல போனா போவட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்கு விசுவாசம் இல்ல. பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு சோத்தத் தின்னுருக்கீங்க.”

வெள்ளிக்கிழமை காலை தங்கையின் மேசைக்கு முன்னால் நின்று சொன்னேன். சனிக்கிழமை அணைப்பதை, ஞாயிறை, ஐந்து வாரத்தில் கூட்டிய முப்பது நாளை, மழையை. நின்றுகொண்டேதான் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை எடுத்து, டிக்குகளுக்குக் கீழே நான் எழுதியிருந்த தேதிகளை விரலால் எண்ணினார். ஆறு, பிறகு ஒரு இடைவெளி. ஆறு, பிறகு ஒரு இடைவெளி. தேதிகள் அங்கேயே இருந்தன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அவரும்தான்.

“திங்கக்கெழம நான் கேட்டேனே அண்ணே,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சூட்டு மணி அடிக்கடி அடிக்கும்படி வைத்து, ரேக்கை அன்றே ஓடவிட்டோம். சுவிட்சின் மேல் அவர் ஒரு ஒட்டுநாடாவைப் போட்டார். நான் இருக்கும்போதே போட்டார். அது எனக்கு வலித்தது, வலிக்க வேண்டியதும்தான்.

ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. எதுவும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், வெள்ளைச் சட்டையோடே மோட்டார் சைக்கிளில் குருணுக்குப் போனேன். காவலாளி தொழிற்சாலையைத் திறந்துவிட்டிருந்தார். தங்கை எனக்கு முன்பே வந்து, ரேக்குக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினைந்து விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மேல் வரிசையில் மூன்றாவது மட்டும் எரிந்தபடி அசையாமல் நின்றது.

“எப்ப?”

“காலையில, ஒங்க சர்ச்சு நேரம்.”

வாட்ச்டாக் எழுப்புகிறதா என்று காத்திருந்தோம். எழுப்பவில்லை. அவர் ஒரு வயரைச் செருகி, அதற்குள் நடப்பதைத் திரையில் பார்த்தார். அவர் விரல் வைத்த அதே இடம்தான். திருத்தம் சில வரிகளில் முடிந்தது. சாவியைக் கையில் எடுக்கும் முன்பே சூட்டு மணியை அடைத்துவிட வேண்டும். சட்டென்று காரியத்தை முடித்து, கடிகாரத்தை ஓடவிட்டு, சாவியை வைத்த பிறகுதான் மணியைத் திறக்க வேண்டும். எழுதி முடித்து, “இவ்ளோதான்” என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

மறுநாள் இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். முதலில் நான் பேசினேன், எனக்குத் தெரிந்த மலாயில். எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சுடா ஹந்தார் லா, அங்கிள்,” என்றார். அனுப்பியாகிவிட்டது என்று அர்த்தம். தங்கை கையெழுத்திட்ட காகிதம், நான் அவரிடம் உண்மையைச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே கோழிக் கம்பெனிக்குப் போய்விட்டது. நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் போயிருக்க வேண்டும். ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால் போயிருக்காது. அவர் மேலும் சொன்னார்: ஒரு ஆள் தவறு செய்தார் என்றால் கம்பெனி மன்னிக்கும். சோதனையே நடக்கவில்லை என்று இப்போது சொன்னால் நாம் விற்ற எல்லாப் பெட்டியும் திரும்பி வரும், நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். ஆகவே ரேக் எந்த ஞாயிறும் அணைந்ததில்லை. நீங்கள் எதையும் அணைக்கவில்லை. வெளியே இதைப் பேசினால் அன்றே வேலை முடிந்தது. புரிந்ததா?

தங்கை வேலையை விட்டு விலக அந்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். அந்த நாட்களில் அவர் வேனில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பெட்டிகளில் புதிய புரோகிராமைப் போட்டார். நானும் கூடப் போனேன். பீடோங் பண்ணைக்காரர் அவரை உள்ளே விடவில்லை. நான்தான் ஏணியில் ஏறினேன்.

கடைசி நாள், கார் நிறுத்துமிடத்தில், நான் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்தது. மலாயில் என் கையால் எழுதியது. ரேக்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் அணைத்தது நான். இவர் கேட்டபோது பொய் சொன்னவன் நான். என் தாள் பிழையாக இருந்ததால்தான் இவர் கண்டுபிடித்த பிழையை இவரே கைவிட்டார். கீழே பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. வேறு இடத்தில் வேலை கேட்கும்போது ஏன் விலகினீர்கள் என்பார்கள், காட்டுங்கள் என்றேன்.

காரின் கதவைப் பிடித்தபடி முழுவதும் படித்தார்.

“இத நான் ஒரு எடத்துல காட்டினா, மறுநாளு பொஸ்ஸுக்குத் தெரிஞ்சிடும் அண்ணே. எல்லா ஃபேக்டரியும் ஒண்ணுக்கொண்ணு தெரிஞ்சவங்கதான்.”

“தெரியட்டும்மா.”

“பெரிய பாப்பாவுக்கு இந்த வருஷம்தான பரீட்ச?”

“ஆமா.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, காரை எடுத்தார்.

அவரைப் பற்றிப் பேக்கிங் அக்காதான் அவ்வப்போது சொல்வார். கூலிமில் இரண்டு இடத்தில் கூப்பிட்டுப் பேசினார்களாம். இரண்டிலும் பழைய வேலையைப் பற்றிக் கேட்டார்களாம். எடுக்கவில்லை. இப்போது லூனாஸில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். ரேக் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. அவர் போட்ட திருத்தத்துக்குப் பிறகு ஒரு விளக்கும் நின்றதில்லை.

ஒவ்வொரு காலையும் கேட்டுக்குள் நுழையும்போது, இன்று கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். சில நாள் அப்படி நடக்க வேண்டும் என்றே ஜெபிக்கிறேன். காவலாளி என் அட்டையைப் பார்க்கிறார், தலையசைக்கிறார், நான் உள்ளே போகிறேன். எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவர் அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை.